செவ்வாய்க்கிழமை பாட்டில்

ஹைதராபாத்
12.6.2007

அன்பு ரஃபியா அக்காவுக்குத் தம்பி நசீம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கே சுகம். நீ, மச்சான், மிஸ்பா, புது முதலாளி சுஹைல் எல்லாரும் எப்படி இருக்கீங்க? சுஹைலுக்கு நாலு மாசம் ஆச்சு. மாமன்காரன் இன்னும் தூக்கிப் பார்க்கலைன்னு நீ வையறது இங்கே வரைக்கும் கேக்குது.

எங்க ஆபீஸ் வீரணன் உங்க வீட்டு மாடியில மெசினை வச்சுட்டு வந்துட்டார். மழை விழுந்தா மூடி தானாத் திறக்கும், நின்னா மூடிக்கும். நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை காலையில உறையைக் கையில மாட்டிக்கிட்டு பாட்டிலை மாத்து, மூடியை இறுக்கு, பெட்டியில வச்சு கொரியர்ல போடு. செலவு ஆபீசோடது. நீயும் ஒரு கடிதாசி எழுதி அதுலயே வச்சிரு. போன்ல பேசுனா மச்சான் பக்கத்துல நின்னு "காசு ஏறுது, காசு ஏறுது"ம்பார்.

எதுக்கு இதெல்லாம்னு கேட்டியே. கரிப்புகை வழியா பாதரசம் வானத்துக்குப் போகுது. காத்துல நாடு நாடாச் சுத்தி மழையில இறங்குது. எந்த நாட்டுல எவ்வளவு விழுதுன்னு ஒரே இடத்துல பார்க்க இன்னிக்கு வரைக்கும் வழியில்ல. ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி அளந்து அவனவன் பீரோவுல பூட்டி வச்சிருக்கான். எல்லாரும் ஒரே கிழமையில எடுத்து, ஒரே மாதிரி அளந்து, ஒரே கம்ப்யூட்டர்ல சேர்க்கணும். அதைத்தான் நாங்க கட்டிக்கிட்டிருக்கோம். வர்ற எண்ணுல எது சரி, எது தப்புன்னு பார்த்து உள்ளே விடுறது என் வேலை. வாசல்ல நிக்கிற வாட்ச்மேன்னு வச்சுக்கோயேன்.

மலைக்கு இந்தப் பக்கம் நம்ம மாடி மட்டும்தான். டிசம்பர் வரைக்கும் அது ஒழுங்கா ஓடுச்சுன்னா என் வேலை நிரந்தரம். இல்லேன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். உன்னை நம்பித்தான் இருக்கேன்.

அம்மாவைப் பார்க்கக் கம்பம் போனா என் சலாம் சொல்லு. பிள்ளைகளுக்கு முத்தம்.

நசீம்


உத்தமபாளையம்
3.7.2007

அன்புத் தம்பி நசீமுக்கு அக்கா ரஃபியாவின் சலாம். ஆண்டவன் புண்ணியத்துல இங்கன அம்புட்டுப் பேரும் நல்லாருக்கோம். நீ வேளைக்குச் சாப்பிடுறியா, இல்ல டீயக் குடிச்சே வயித்த ரொப்புறியா?

ஏலே, என்னமோ சின்ன மெசினுன்ன. தெருவே வந்து பாத்துட்டுப் போகுது. பக்கத்து வீட்டு ராக்கம்மாள் "மழைய இழுக்குற மெசினாத்தா, எங்க தோட்டத்துப் பக்கமும் கொஞ்சம் திருப்பி வையி"ங்குறா. சாரல் விழுந்ததும் மூடி தொறக்குறதப் பாத்து மிஸ்பா கைதட்டுறா. போன வாரம் பூரா சாரல். காத்து ஆளத் தள்ளுது. பாட்டில் முக்காவாசி நிறஞ்சிருச்சு. உறை மாட்டித்தான் எடுத்தேன், சத்தியமா.

சுஹைல் குப்புற விழுந்துட்டான். விழுந்துட்டு ஊரக் கூட்டுறான், எவனோ தள்ளிவிட்ட மாதிரி. உன் மூக்கு அவனுக்கு. அதான் கவலையா இருக்கு.

மச்சான் கோயம்புத்தூர்க் கடைய விட்டு வந்ததுல இருந்து வீட்டோடதான் வேல பாக்குறாக. என்ன வேலைன்னு கேக்காத, ஏதோ ஓடுது. முன்னாடி மாதிரி மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு இல்ல. அதுவே எனக்குப் போதும்.

உடம்பப் பாத்துக்க.

அக்கா ரஃபியா


ஹைதராபாத்
6.8.2007

அன்பு அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமறிய ஆசை. உன் கடிதாசியைப் படிச்சுச் சிரிச்சதுக்கு அப்புறம் சிரிக்கிற மாதிரி எதுவும் நடக்கல.

உன் பாட்டில்ல எண்ணெல்லாம் தாறுமாறா வருது. இருக்க வேண்டியதைப் போல இருபது மடங்கு, முப்பது மடங்கு. இவ்வளவு ஏறினா கம்ப்யூட்டரே சிவப்பு அடிச்சுரும், நான் அதைத் தள்ளிடணும், உலகக் கணக்குல சேராது. அதுக்குப் பேரு "உள்ளூர்த் தொந்தரவு". எங்க பெரியவர் வைகுண்டராஜ் ஐயா ரெண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டுட்டார். "உங்க அக்கா கையைக் கழுவுறாங்களா தம்பி?"ன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

அக்கா, உண்மையைச் சொல்லு. மாடியில இல்ல பக்கத்துல யாராவது எதையாவது எரிக்கிறாங்களா? குப்பை, பழைய பேட்டரி, ட்யூப்லைட்டு? அடுப்பு எதுவும் இருக்கா? எதுவா இருந்தாலும் மாடியில இனிமே ஒரு தீக்குச்சி கூடக் கிழிக்கக் கூடாது. இதை மட்டும் எனக்காகச் செய். இப்படியே போனா டிசம்பருக்கு முன்னாடியே நம்ம மாடியைக் கணக்குல இருந்து எடுத்துருவாங்க. அதோட நானும் வெளியே.

மிஸ்பாவுக்கு ஸ்கூல் பை வாங்கி வச்சிருக்கேன். அடுத்த காலிப் பெட்டியில வரும்.

நசீம்


உத்தமபாளையம்
21.8.2007

அன்புத் தம்பிக்குச் சலாம். இங்கன நலம். நீ கவலப்பட்டு ஒடம்பக் கெடுத்துக்காத.

மாடியில ஒரு மண்ணடுப்பு இருந்துச்சு. வெந்நி போட. நீ எழுதுனதப் படிச்சதும் இவககிட்டச் சொன்னேன். மொதல்ல "அவன் மெசினுக்காக நான் எங்க போறது"ன்னு சத்தம் போட்டாக. பொறவு அவுகளே தூக்கிக் கொல்லப்பக்க ரூமுக்குக் கொண்டு போயிட்டாக. "மச்சினன் பொழப்பு கெட்டா எனக்கா நல்லது"ன்னாக. மேல பொடி மண்ணு இல்லாமக் கூட்டி, ஈரத்துணி போட்டுத் தொடச்சிட்டேன். இனி உனக்கு ஒரு தொந்தரவும் வராது.

ஒண்ணு கேக்கணும். பாதரசம்னா நகைப் பட்டறையில வெள்ளியா உருண்டு ஓடுமே, அதுதானே? அது மனுசருக்கு ஏதும் செய்யுமா? பால்குடிப் பிள்ளைக்கு? எனக்கில்ல, ராக்கம்மாள் கேக்கச் சொன்னா. தெருவுல பேசிக்கிறாக. மறக்காமப் பதில் போடு.

அம்மாவுக்கு முழங்கால் வலி. பை அழகா இருக்குன்னு மிஸ்பா சொல்லச் சொன்னா.

அக்கா ரஃபியா


ஹைதராபாத்
17.9.2007

அன்பு அக்காவுக்கு சலாம். நோன்பு எப்படிப் போகுது? பால் கொடுக்கிறவ, எல்லா நோன்பும் பிடிக்கணும்னு அடம் பிடிக்காதே.

அக்கா, நீ எங்கேயோ போயிட்ட போ! அடுப்பை எடுத்த வாரத்துல இருந்தே எண்ணு மளமளன்னு இறங்கிருச்சு. மூணு பாட்டிலும் பச்சை. வைகுண்டராஜ் ஐயா முதுகுல தட்டிக் கொடுத்தார். "இவ்வளவு சுத்தமான மழை நம்ம பட்டியல்லயே குறைவு தம்பி"ன்னார். நான் நம்ம மாடி எண்ணைத் திரையில வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

ராக்கம்மாள் அக்காகிட்டச் சொல்லு, பயப்பட ஒண்ணுமில்ல. நாங்க அளக்கிறது அவ்வளவு பொடிசு. வைகை அணை நிறைய இருக்கிற தண்ணியில ஒரு சிட்டிகை போட்டாக்கூட எங்களுக்கு அது பெருசு. உன் வாளியில விழுற மழையைச் சுஹைலுக்குச் சங்குல ஊத்தினாலும் ஒண்ணும் ஆகாது. தைரியமா இருங்க.

பிள்ளை போட்டோ ஒண்ணு அனுப்பு.

நசீம்


உத்தமபாளையம்
9.10.2007

அன்புத் தம்பிக்கு அக்காவின் சலாம்.

நீ எழுதுனத ரெண்டு மூணு மட்டம் வாசிச்சேன். மனசுல ஒரு பாரம் எறங்குச்சு. நீ படிச்சவன், அதையே பாக்குறவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். இவககிட்டயும் வாசிச்சுக் காட்டுனேன். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்"னாக.

சுஹைலுக்குத்தான் ஒடம்பு சரியில்ல. உள்ளங்கை, உள்ளங்காலு செவந்து, வெங்காயச் சருகு மாதிரி உரியுது. சட்ட போட்டா வீறிடுறான். மழக் குளுருலயும் வேர்த்துக் கொட்டுது. பால் குடிக்க மாட்டேங்கிறான். இங்கன டாக்டர் அக்கின்னாரு, பொறவு ஒவ்வாமன்னாரு, களிம்பு குடுத்தாரு. மிஸ்பாவுக்கும் ஈறு வீங்கி வாயில எச்சி ஊறிக்கிட்டே இருக்குங்குறா. எனக்கும் கை கொஞ்சம் நடுங்குது, அது நோன்பு அசதியா இருக்கும்.

இங்கன விடாத மழ. கதவு, சன்னல் எல்லாம் சாத்தியே கெடக்கு. பாட்டில் ரொம்பி வழியுது. பெருநாளைக்கு நீ வருவேன்னு அம்மா வாசலையே பாத்துக்கிட்டு இருக்காக.

ரஃபியா


ஹைதராபாத்
22.10.2007

அன்பு அக்காவுக்கு, பிந்திய பெருநாள் வாழ்த்து. லீவு கிடைக்கல. அம்மாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

சுஹைலை உடனே தேனிக்குக் கொண்டு போய்ப் பெரிய டாக்டர்கிட்டக் காட்டு. களிம்பு, கசாயம்னு வீட்டுல வச்சுக்கிட்டு இருக்காதே. மச்சான் சாக்குச் சொன்னா என் பேரைச் சொல்லு. சின்னப் பிள்ளைகளுக்கு மழைக்காலத்துல எதாவது வரத்தான் செய்யும், மனசை விடாதே.

இங்கே ஒரு நல்ல சேதி. அடுத்த மாசம் வெளிநாட்டுல எல்லா நாட்டு ஆளுகளும் கூடுறாங்க. வைகுண்டராஜ் ஐயா போறார். நம்ம மாடி எண்ணைத்தான் உதாரணமாக் காட்டப் போறாராம். ஆரம்பத்துல கெட்டுக் கிடந்த இடத்தை எப்படிச் சரி செஞ்சோம்னு. எல்லாம் உன் கைராசி.

நசீம்


உத்தமபாளையம்
13.11.2007

தம்பி நசீமுக்கு,

சலாம். இதப் படிச்சதும் பதில் போடு. போன் பண்ணுனாலும் சரி, ராக்கம்மாள் வீட்டுக்குப் பண்ணு. இவககிட்ட இருக்குற போனுக்கு வேண்டாம்.

நான் உன்கிட்ட மறச்சுட்டேன். மாடியில இருந்தது வெந்நி அடுப்பு இல்ல. இவக நகைப் பட்டறையில கூட்டுற தூசிய வாங்கியாந்து தங்கம் பிரிக்கிறாக. தூசிய இடிச்சு, அலசி, பாதரசத்தப் போட்டுப் பிசஞ்சா தங்கம் அதுல ஒட்டிக்கிரும். துணியில வச்சுப் பிழிஞ்சு, அந்த உருண்டைய அடுப்புல வச்சு வாட்டுனா பாதரசம் பொகையாப் போயிரும், தங்கம் நிக்கும். இத யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு பிள்ளைக மேல சத்தியம் வாங்கியிருந்தாக. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லுவாரு. திருட்டு நகைய உருக்குறோம்னு ஊருல பேசுவாக.

உன் எண்ணு ஏறுனதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு, அந்த அடுப்புதான்னு. அதான் கீழ கொண்டு வரச் சொன்னேன். உனக்கும் கெடக் கூடாது, இவகளுக்கும் கெடக் கூடாது. கொல்லப்பக்க ரூமு நாங்க படுக்குற ரூமுக்கு ஒட்டுனது. தொட்டில் அங்கனதான் கட்டியிருக்கேன்.

தீவாளி முடிஞ்சு எல்லாப் பட்டறையிலயும் தூசி அள்ளியாந்திருக்காக. மூட்ட மூட்டையா இருக்கு. நாலஞ்சு நாளா அடுப்பு அணையல.

சுஹைல் இப்ப அழுகக்கூட மாட்டேங்கிறான். தலை நிக்க மாட்டேங்குது. போன மாசம் ஒக்காந்த பிள்ள. தேனி டாக்டர் கேக்குறாரு, "வீட்டுல பூச்சிமருந்து, பெயிண்டு, ஏதாச்சும் பொழங்குறீங்களா?"ன்னு. நான் இல்லேன்னுட்டேன். பாதரசம்னு சொன்னா அது எழுத்துல ஏறி உங்க ஆபீசு வரைக்கும் வருமா? உன் வேலைக்கு ஏதும் ஆகுமா? நீ தான் ஒண்ணும் செய்யாதுன்னு எழுதியிருந்த. அது வாளித் தண்ணிக்கா, இல்ல எல்லாத்துக்குமா? நான் உன்கிட்டச் சரியாக் கேக்கலையோன்னு இப்பத் தோணுது.

டாக்டர்கிட்டச் சொல்லட்டுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லு.

ரஃபியா


இத்தாலி
19.11.2007
(படம் போட்ட அட்டை)

அன்பு அக்காவுக்கு சலாம். நம்பவே மாட்டே! ஐயாவுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. கடைசி நேரத்துல என்னை அனுப்பிட்டாங்க. அம்மாகிட்டக் கூடச் சொல்ல நேரமில்ல, என் போனும் இங்கே வேலை செய்யல. நேத்து பெரிய மண்டபத்துல, சுவர் அளவு திரையில "உத்தமபாளையம்"னு பேர் வந்துச்சு. பக்கத்துல வரிசையாப் பச்சை. கைதட்டினாங்க அக்கா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. சுஹைலுக்கு ஒரு கம்பளிக் குல்லா வாங்கியிருக்கேன். டிசம்பர் மூணாந் தேதி திரும்பிருவேன்.

நசீம்


உத்தமபாளையம்
27.11.2007

நசீமுக்கு,

உன் அட்ட இன்னிக்குக் காலையில வந்துச்சு. சுஹைல் வியாழக்கெழம மவுத்தாயிட்டான்.

புதன்கெழம மத்தியானத்துல இருந்து மூச்சு இழுத்துச்சு. பூத்துக்குப் போயி உன் நம்பருக்குப் போட்டேன். திரும்பத் திரும்பப் போட்டேன். அணச்சு வச்சிருக்குன்னு ஒரு பொம்பளக் குரல் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. தேனிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். மூக்குல குழாய் வச்சாக. அப்பத்தான் நான் டாக்டர்கிட்டச் சொன்னேன், இவக முன்னாடியே. அந்த மனுசன் "ஏம்மா, போன வாரம் கேட்டேனே, இத ஏம்மா சொல்லல?"ன்னாரு. கத்தல, மெதுவாத்தான் கேட்டாரு. உன் பதிலுக்குக் காத்திருந்தேன்னு எப்படிச் சொல்லுவேன்?

இவக ஆசுபத்திரி வராந்தாவுலயே மண்டிபோட்டுட்டாக. வாயி மட்டும் தொறந்து தொறந்து மூடுது. நான் கிட்டப் போகல. மிஸ்பாவக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். இந்தப் பாட்டில எடுக்கத்தான் இன்னிக்கு உத்தமபாளையம் வந்தேன். ஏன் வந்தேன்னு தெரியல, செவ்வாக்கெழமன்னு காலு தானா வந்துருச்சு.

நீ என்னைய மேல தீக்குச்சி கிழிக்காதன்ன. கிழிக்கல. கீழ ஒரு பச்சப்பிள்ள கெடக்குதே, அவன் என்னத்த மூச்சு விடுறான்னு உங்க ஆளுக யாருக்காச்சும் கேக்கத் தோணுச்சா? அந்த எண்ணு முப்பது மடங்குன்னு வந்தப்ப, கையக் கழுவுறியான்னுதானே கேட்டீக.

உன் மேல கோவமா எழுதணும்னு ஒக்காந்தேன். பாதி உன் மேல, பாதி என் மேல, மிச்சம் இவக மேல. எது யாருக்குன்னு பிரிக்க முடியல.

ரஃபியா


ஹைதராபாத்
16.1.2008

அக்காவுக்கு சலாம்.

போன மாசம் கம்பத்துல உன் முன்னாடி வந்து உட்கார்ந்தேன். நீ டீ வச்சுக் கொடுத்துட்டு உள்ளே போயிட்டே. அதனால எழுதுறேன்.

முதல்ல மிஸ்பா. மதுரையில எடுத்த ரத்தம், மூத்திரம் ரெண்டுலயும் பாதரசம் இருக்கு. இனி அந்த வீட்டுக்குப் போகாம இருந்தா கொஞ்சம் கொஞ்சமா இறங்கும்னு டாக்டர் சொல்றார். உன் கை நடுக்கத்துக்கும் அதுதான் காரணம். நீயும் போகக் கூடாது. உடுப்பு, பாய், தொட்டில் துணி எதையும் எடுத்து வர வேண்டாம். அந்த ரூமைக் கூட்டக் கூடாது, கழுவக் கூடாது. பூட்டி வைக்க ஏற்பாடு பண்ணிட்டேன், சுத்தம் பண்ணத் தெரிஞ்ச ஆளுக வருவாங்க. மச்சான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு "நீ எழுதினதைக் கேட்டுத்தான் தைரியமா இருந்தேன் மாப்ள"ன்னார். அவர் குத்திக் காட்டல. நடந்ததைச் சொன்னார். எனக்கு அது போதும், சாகுற வரைக்கும்.

அடுத்தது, உன்கிட்டக் கேக்க வேண்டியது. ஆவணியில இருந்து கார்த்திகை வரைக்கும் நீ எடுத்த பாட்டில் எண்ணெல்லாம் உலகக் கணக்குல நிக்குது. அதை எடுத்துருங்கன்னு எழுதிக் கொடுத்தேன். முடியாதுன்னுட்டாங்க. பாட்டில் கெட்டிருந்தா, அளந்தது தப்பா இருந்தாத்தான் எடுக்கணுமாம். எதுவும் தப்பில்லையாம். மாடியில விழுந்த மழை நிஜமாவே சுத்தமாத்தான் இருந்துச்சாம். ஆடியில வந்த சிவப்பு எண்ணு மட்டும்தான் உன் வீட்டுல என்ன நடக்குதுன்னு சொல்லுச்சு. அதை நானே என் கையால தள்ளி விட்டுட்டேன். இப்ப அது எங்கேயும் இல்ல. பச்சையை மட்டும் எந்த நாட்டுக்காரனும் திறந்து பார்க்கலாம்.

எனக்கு நிரந்தரம்னு காகிதம் வந்திருக்கு. நான் கையெழுத்துப் போடல. இன்னும் மூணு வாரத்துக்கு அந்தக் கம்ப்யூட்டர் கணக்குக்குள்ள போற சாவி என்கிட்ட இருக்கு. நீ ஒரு வார்த்தை சொல்லு, உத்தமபாளையம்ங்கிற பேரையே துடைச்சு எடுத்துடுறேன். வேலை போகும், கேஸ் கூடப் போடுவாங்க. போடட்டும்.

நசீம்


கம்பம்
29.1.2008

நசீமுக்கு அக்கா எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். மிஸ்பாவுக்கு எச்சி ஊறுறது கொறஞ்சிருக்கு. இங்கன ஸ்கூல்ல சேத்துட்டேன். அம்மா அப்படியேதான் இருக்காக.

வேலைய நீ விடுறதும் வச்சுக்கிறதும் உன் பாடு. வச்சுக்கிட்டீன்னா, இனி எங்கயாச்சும் ஒரு மாடியில செவப்பு வந்தா, தள்ளி விடுறதுக்கு முன்னாடி பஸ் ஏறிப் போயி அந்த வீட்டுக் கதவத் தட்டு. உன்ன மன்னிச்சுட்டேன்னு எழுதலாம்னு பாக்குறேன், கை வரல. வர்ற அன்னிக்கு எழுதுறேன்.

நீ கேட்டதுக்குப் பதில். அழிக்காத.

எனக்கும் மொதல்ல அழிச்சாத்தான் நல்லதுன்னு தோணுச்சு. பொறவு ஒவ்வொரு வாரமா நெனச்சுப் பாத்தேன். உறை மாட்டுன கைய எதுலயும் படாமத் தூக்கிக்கிட்டு, அவன இடுப்புல சேலையால இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் அம்புட்டு வாரமும் மாடி ஏறுனேன். கீழ விட்டா அழுவான். அந்த மூடி தொறக்குற சத்தத்துக்குச் சிரிப்பான். கடைசியில சிரிக்கல, ஆனா கண்ண மட்டும் திருப்பிப் பாப்பான். பொறந்ததப் பதியக்கூட நாங்க ஆபீசுக்குப் போகல, இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே இருந்துட்டோம். போட்டோ எடுக்கல, நீ கேட்டும் எடுக்கல.

நீ அழிக்கிறேங்கிற வாரமெல்லாம் என் பிள்ள உசுரோட இருந்த வாரம். அது அங்கன இருக்கட்டும்.

ரஃபியா